துடைச்சாப் போற கரிக்கு 14,500 ரூபாயா?

"கழட்டிப் பார்த்தீங்களா?" என்று கேட்டால் கோபம் வருகிற தொழிலாக கார் ரிப்பேர் மாறிக்கிட்டு வருது. இன்னைக்குப் பதிவு அதைப் பத்தித்தான். மஞ்சள், மாடு, வாய்க்கால் தண்ணி என்று படிக்க வந்தவங்க கொஞ்சம் பொறுத்துக்கங்க. இதுவும் நம்ம காசு சம்பந்தப்பட்டதுதான். பால் ஊத்திச் சேர்த்த காசு.

விஷயம் இதுதான். எங்க வீட்டுல பத்து வருசம் தாண்டின சின்ன பெட்ரோல் கார் ஒண்ணு நிக்குது. கொஞ்ச நாளா அதுக்கு ஒரு வியாதி. ரோட்டுல ஓடும்போது குறையே சொல்ல முடியாது. வேகத்தடைக்கு மெதுவாக்கி, ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்து க்ளட்ச்சை மிதிச்சா, பொசுக்குன்னு அணைஞ்சு போகும். ஏ.சி. போட்டா வண்டியே நடுங்கும். காலையில சாவியைத் திருப்பினா ஆக்சிலேட்டரை மிதிச்சுப் பிடிச்சாத்தான் நிக்கும். டவுனுக்குள்ள இருக்கிற பெரிய சர்வீஸ் சென்டர் ஒண்ணுக்குக் கொண்டு போனோம். பேர் எதுக்கு, விடுங்க. ஒரு தம்பி வந்தார், ஸ்டீயரிங்குக்குக் கீழ ஸ்கேனரைச் சொருகினார், அஞ்சு நிமிசத்துல தீர்ப்பு சொல்லிட்டார்.

"த்ராட்டில் பாடி போயிருச்சுங்க சார். அசெம்பிளியாத்தான் மாத்தணும். லேபரோட 14,500 ஆகும்."

"ஏனுங்க தம்பி, கழட்டிப் பார்த்தீங்களா?"

"கோட் வந்துருச்சுங்க சார். கழட்டிப் பார்க்க வேண்டியதில்ல."

எட்டு லிட்டர் கறக்கிற மாட்டை வச்சுக் கணக்குப் போடுங்க. லிட்டர் 35 ரூபாய்னா ஒரு நாளைக்கு 280. பதினாலாயிரத்து ஐநூறுங்கிறது ஏறக்குறைய 52 நாள் பால். தவிடு, புண்ணாக்கு, வைத்தியச் செலவு எதையும் கழிக்காம. இவ்வளவையும் ஒரு தம்பி பானட்டைக்கூட முழுசா நிமிர்த்தாம, அஞ்சு நிமிசத்துல எழுதிக் கேட்கிறார். வேண்டாம்னு சொல்லி வண்டியை ஓட்டிக்கிட்டு வந்துட்டேன். ஊருக்கு வந்து எங்க மெக்கானிக் அண்ணன் பட்டறையில கழட்டினோம். உள்ள இருந்தது கரி. பழைய பல் துலக்குற பிரஷ், முன்னூத்திச் சொச்ச ரூபாய் கார்ப் கிளீனர் டப்பா ஒண்ணு, இருபது ரூபாய் ஓ-ரிங், ஒரு மணி நேரம். வண்டி இப்ப சுவர்க்கடிகாரம் மாதிரி நிக்குது.

என் கோபம் அந்தத் தம்பி மேல இல்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். "கோட் வந்தா பாகத்தை மாத்து" என்று ஒரு தலைமுறைக்கே பாடம் நடத்தி வச்சிருக்கிற முறை மேலதான் கோபம். அந்த முறைக்குத் தலையாட்டிக்கிட்டு, "நமக்கென்ன தெரியும், அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கார்டைத் தேய்க்கிற நம்ம மேலயும்தான்.

தெரிஞ்சுக்கறது ஒண்ணும் ராக்கெட் வித்தை இல்லை. வாய்க்கால் பாசனம் தெரிஞ்ச ஆளுக்கு இது ரெண்டு நிமிசப் பாடம். த்ராட்டில் பாடிங்கிறது இஞ்சினுக்குக் காத்து போற பெரிய மதகு. அதுக்குள்ள வட்டமா ஒரு தகடு. நீங்க ஆக்சிலேட்டரை மிதிச்சா தகடு திறக்கும், காலை எடுத்தா மூடும். மூடின பிறகும் இஞ்சின் நிக்காம மெதுவா ஓடணும் இல்லையா? அதுக்காகப் பெரிய மதகுக்குப் பக்கத்துலயே ஒரு சின்னக் கண் வச்சிருக்காங்க. மதகை முழுசா இறக்கினாலும் அந்தக் கண் வழியாக் கொஞ்சம் காத்து போகும். அந்தக் கண்ணைத் தேவைக்குத் தக்கபடி திறந்து மூடுற குட்டி வால்வுதான் ஐடில் ஏர் கன்ட்ரோல் வால்வு. பட்டறையில ஐடில் வால்வுன்னு சொல்லுவாங்க, சிலர் ஐ.ஏ.சி.ன்னு சொல்லுவாங்க.

தண்ணி கட்டுற ஆள் வேலையைப் பார்க்கிறது இஞ்சின் கம்ப்யூட்டர். காலையில இஞ்சின் குளிர்ந்து கிடந்தா கண்ணை அதிகமாத் திறந்து விடும், வண்டி கொஞ்சம் வேகமா நின்னு சூடாகும். சூடானதும் குறைச்சுக்கும். ஏ.சி. போட்டா கம்ப்ரசர் இஞ்சினை இழுக்கும், உடனே கொஞ்சம் கூடுதலாத் திறக்கும். ராத்திரி ஹெட்லைட் போட்டா ஆல்டர்னேட்டர் சுமை ஏறும், அதுக்கும் ஈடு கட்டும். சின்ன வண்டிகள்ல சூடான இஞ்சின் ஐடில்ல நிமிசத்துக்கு 750-ல இருந்து 900 சுத்து வரைக்கும் நிக்கும். அந்தக் கணக்கு ஆடாம இருக்கிறதுக்குக் காவல் இந்தக் குட்டி வால்வுதான்.

அது ஏன் கெடுது? பெரும்பாலும் கெடுறதே இல்லை, அடைச்சுக்குது. பிஸ்டன் பக்கமாக் கசிஞ்சு இஞ்சினுக்கு அடியில சேருற புகை, ஆயில் ஆவியோட சேர்ந்து ஒரு குழாய் வழியா மறுபடி காத்துப் பாதைக்கே வரும். அது வெளிய போய் ஊரைக் கெடுக்கக் கூடாதுன்னு அப்படி அமைச்சிருக்காங்க. அந்த ஆயில் ஆவியோட தூசியும் சேர்ந்தா கறுப்புக் களிம்பா த்ராட்டில் ஓரத்திலயும் இந்தச் சின்னக் கண்ணிலயும் படியும். நம்ம ஊர்ல கதிரடிக்கிற காலத்துல களத்துப் பக்கம் வண்டியை நிறுத்துறோம், மண்ரோட்டுல லாரி பின்னாடி போறோம். ஏர் ஃபில்டர் மூடி சரியா உட்காரலைன்னா கேட்கவே வேண்டாம். வாய்க்கால்ல வண்டல் சேர்ந்து மடை அடைக்கிற கதைதான். மடையில வண்டல் சேர்ந்தா மம்பட்டி எடுப்போமா, மதகையே பேர்த்துப் புதுசு வைப்போமா?

"சரி, ஐடில்ல அணைஞ்சா என்ன, மறுபடி ஸ்டார்ட் பண்ணிக்கலாம்" என்று சொல்ற ஆட்களும் இருக்காங்க. அவங்க திம்பம் மலைப்பாதையில ஒரு தடவை போய்ட்டு வரணும். 27 கொண்டை ஊசி வளைவு. இறக்கத்துல வளைவுக்கு முன்னாடி க்ளட்ச்சை மிதிக்கும்போது இஞ்சின் அணைஞ்சுதுன்னா என்ன ஆகும்? பிரேக்குக்கு உதவி செய்யற பூஸ்டர் இஞ்சின் உறிஞ்சுற வேக்கத்துலதான் வேலை செய்யுது. இஞ்சின் நின்னா அதுக்குள்ள மிச்சம் இருக்கிறது ஒண்ணு ரெண்டு மிதிக்குத்தான் வரும். அதுக்கப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிரும். பவர் ஸ்டீயரிங்கும் கனத்துப் போகும். எதிர்ல கரும்பு லாரி வரும். ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போற வண்டியும் கிராமத்துல இதேதான். ரயில்வே கேட்டுல, சந்தைக்கடை நெரிசல்ல, பிரசவ வலியோட ஒரு பொண்ணு பின் சீட்டுல இருக்கும்போது இப்படி அணைஞ்சா? அதனால ரிப்பேரே வேண்டாம்னு நான் சொல்லலை. ரிப்பேர் அவசியம். அதைப் பதினாலாயிரம் ஆக்கி வச்சா, இருக்கப்பட்டவன் மாத்துவான், இல்லாதப்பட்டவன் அணையற வண்டியையே ஓட்டுவான். ஆபத்து இல்லாதப்பட்டவனுக்குத்தான். இதுதான் என் வயித்தெரிச்சல்.

இனி அந்தக் கோட் கதைக்கு வருவோம். ஐடில் சம்பந்தமா ஸ்கேனர்ல பொதுவா வர்றது மூணு. பி0505, பி0506, பி0507. முதலாவது, ஐடில் கட்டுப்பாட்டுல கோளாறு. ரெண்டாவது, ஐடில் இருக்க வேண்டியதை விடக் குறைவு. மூணாவது, இருக்க வேண்டியதை விட அதிகம். நல்லா கவனிங்க. இதுல எங்கேயாவது "த்ராட்டில் பாடியை மாத்து" என்று எழுதியிருக்கா? காய்ச்சல் 102 டிகிரின்னு தெர்மாமீட்டர் சொல்லும். டைபாய்டா, டெங்குவா, வெயில்ல அலைஞ்சதான்னு டாக்டர்தான் பார்க்கணும். 102 காட்டுது, அதனால ஆளையே மாத்துன்னு எந்த டாக்டரும் சொல்றதில்லை. ஸ்கேனர் நல்ல கருவி. இப்ப ஆயிரம் ரூபாய்க்குள்ள போன்ல பார்க்கிற மாதிரி சின்ன ஸ்கேனரே கிடைக்குது, நானே ஒண்ணு வச்சிருக்கேன். கருவி மேல குத்தம் இல்லை. கருவி சொன்னதோட மூளையை மூடி வச்சிட்டா அது குத்தம்.

சரி, முறையா எப்படிப் பார்க்கணும்? எங்க அண்ணன் பட்டறையில பார்க்கிற வரிசையை அப்படியே எழுதறேன். அடுத்த தடவை யாராவது உங்ககிட்ட அசெம்பிளி மாத்தணும்னு சொன்னா இதுல எதையெல்லாம் பார்த்தீங்கன்னு கேளுங்க.

முதல்ல பேட்டரி டெர்மினல். பூத்துப் போய் இருக்கா, லூசா இருக்கா பாருங்க. வோல்ட் குறைஞ்சா கம்ப்யூட்டரே தடுமாறும். அடுத்தது வயர். ஐடில் வால்வுக்குப் போற கப்ளரைப் பிடுங்கிப் பாருங்க. பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கலாம், எலி கடிச்சிருக்கலாம். தவிட்டு மூட்டை பக்கத்துல வண்டி நிறுத்துற வீட்டுல எலி முதல் மெக்கானிக்.

மூணாவது, ஏர் புடிக்குதான்னு பார்க்கிறது. இது நமக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. சக்‌ஷன் பைப்புல பொடி ஓட்டை இருந்தா மோட்டார் தண்ணி தூக்காது, அதே சங்கதி. த்ராட்டிலுக்குப் பின்னாடி இருக்கிற ரப்பர் ஹோஸ் ஏதாவது வெடிச்சிருந்தா, கம்ப்யூட்டருக்குத் தெரியாம காத்து உள்ள போகும். ஐடில் ஏறி நிக்கும், இல்லைன்னா ஏறி ஏறி இறங்கும். காதை வச்சுக் கேட்டா சில சமயம் "உஸ்"ஸுன்னு சத்தம் வரும். தெளிப்பான்ல தண்ணி எடுத்து ஹோஸ் முனைகள்ல மட்டும் கொஞ்சம் அடிச்சுப் பாருங்க, கரண்டு பாகங்கள் மேல படாம. எந்த இடத்துல அடிக்கும்போது இஞ்சின் சத்தம் மாறுதோ அங்கதான் ஓட்டை. பெட்ரோலை ஊத்திச் சோதிக்கிற வீரர்களும் இருக்காங்க. சூடான இஞ்சின் மேல அந்த வேலை வேண்டாம்.

நாலாவது, ஆக்சிலேட்டர் கேபிள். ரொம்ப இழுத்துக் கட்டியிருந்தா தகடு முழுசா மூடாது. கொஞ்சம் தொய்வு இருக்கணும்.

அஞ்சாவது சோதனை ரொம்பச் சுலபம். இஞ்சின் ஓடும்போது ஆக்சிலேட்டரை லேசா, 1,500 சுத்து வர்ற மாதிரி பிடிங்க. பிடிச்சிருக்கிற வரைக்கும் இஞ்சின் ஆடாம அசையாம ஓடி, விட்டதும் அணைஞ்சா, பிளக்கும் பெட்ரோலும் பெரும்பாலும் நல்லா இருக்குன்னு அர்த்தம். குறை ஐடில் காத்துப் பாதையில. அதே மாதிரி ஐடில்ல நிக்கும்போது ஏ.சி.யும் ஹெட்லைட்டும் போடுங்க. ஒரு நொடி தணிஞ்சு மறுபடி நிமிர்ந்தா வால்வு வேலை செய்யுது. தணிஞ்சது தணிஞ்சபடியே நடுங்கினா வால்வு அசையலை.

சிலர் கப்ளரைப் பிடுங்கிப் பார்த்துட்டு, "சத்தம் மாறலை, வால்வு போச்சு" என்பாங்க. அதை அப்படியே நம்பாதீங்க. சில வண்டியில வால்வு சுத்துற வகை, பிடுங்கினா ஐடில் மாறும். நிறைய சின்ன வண்டியில ஸ்டெப்பர் மோட்டார் வகை. அது படிப்படியா நகர்ந்து, கரண்டு போனா நின்ன இடத்துலயே நிக்கும். பிடுங்கினாலும் உடனே எதுவும் மாறாது. நல்ல வால்வைக் கெட்டதுன்னு தள்ளிவிடறது இங்கதான்.

கடைசியில மல்டிமீட்டர். நாலு பின் இருக்கிற ஸ்டெப்பர் வால்வுக்குள்ள ரெண்டு காயில் இருக்கும். ரெண்டும் ஏறத்தாழ ஒரே ஓம் காட்டணும். எவ்வளவுங்கிறது வண்டிக்கு வண்டி மாறும், ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகுதாங்கிறதுதான் முக்கியம். ஒரு காயில்ல இருந்து இன்னொண்ணுக்கோ, வால்வோட உடம்புக்கோ தொடர்பு இருக்கக் கூடாது. மோட்டார் காயில் கட்டுற கடையில நம்ம பம்புசெட்டை எப்படிப் பார்க்கிறாங்களோ அதேதான். ஒரு காயில் அறுந்து போயிருந்தா அப்ப மாத்துங்க. அந்த வால்வை மட்டும். அது தனியா ரெண்டு ஸ்க்ரூவுல நிக்கிற பாகம். அதுக்காக த்ராட்டில் பாடி முழுசையும் கழட்டி எறியறது, ஃபுட் வால்வு கெட்டதுக்கு மோட்டாரையே மாத்துற மாதிரி.

காயில் நல்லா இருந்தா, சாவியை எடுத்துட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு வால்வைக் கழட்டலாம். ஸ்க்ரூ தலை மொட்டையாகாம சரியான திருப்புளி போடுங்க. முனையில கூம்பு மாதிரி ஒரு ஊசி நீட்டிக்கிட்டு இருக்கும். அதைக் கையால இழுக்காதீங்க, அமுக்காதீங்க, உள்ள இருக்கிற மரை போயிரும். வெளிய எடுத்த வால்வுக்குக் கப்ளரைச் சொருகிச் சாவி போட்டு விளையாடாதீங்க, ஊசி மொத்தமாக் கழண்டு வந்துரும். ஊசியைக் கீழ்ப்பக்கமாப் பிடிச்சு கிளீனர் அடிங்க. தலைகீழாப் பிடிச்சா கரைஞ்ச கரி மோட்டாருக்குள்ள இறங்கும். டப்பாவுல ஊறப் போடவும் கூடாது. பிரஷ்ஷால மெதுவாத் தேய்ச்சு, துணியால துடைச்சு, நல்லா ஆறவிடுங்க. த்ராட்டில் பாடியில அந்தச் சின்னக் கண்ணையும், தகட்டோட ஓரத்தையும் சேர்த்துச் சுத்தம் பண்ணுங்க. வால்வை மட்டும் துடைச்சு, கண்ணை அப்படியே விட்டா பாதி வேலைதான். பழைய ஓ-ரிங்கைத் திரும்பப் போடாதீங்க, அதுலயே ஏர் புடிக்கும். கிளீனர் தீப்பிடிக்கிற சாமான். பீடி, சிகரெட் பக்கத்துல வேண்டாம், காத்தோட்டமான இடத்துல செய்யுங்க.

மாட்டின பிறகு கம்ப்யூட்டருக்குப் புதுக் கணக்குப் பழகணும். அடைச்ச கண்ணுக்குத் தக்கபடி அது கணக்கு வச்சிருக்கும், இப்பத் திடீர்னு பாதை திறந்துருச்சு. முதல் ஸ்டார்ட்டுல ஐடில் ஏறி நிக்கலாம், பயப்பட வேண்டாம். ஆக்சிலேட்டரைத் தொடாம இஞ்சின் முழுசாச் சூடாகிற வரைக்கும் ஓட விடுங்க, அப்புறம் ஏ.சி. போட்டுக் கொஞ்ச நேரம். பெரும்பாலான பழைய வண்டிகளுக்கு இது போதும். சில வண்டிக்கு ஸ்கேனர்ல ரீசெட் பண்ணணும். அந்த வேலைக்கு ஸ்கேனர் வேணும்தான், யார் வேண்டாம்னா?

இங்க நம்ம ஊர்ப் பட்டறைக்காரங்களையும் ரெண்டு வார்த்தை கேட்டாத்தான் நியாயம். சில பேர் ஐடில் குறைஞ்சா திருப்புளியை எடுத்துத் தகட்டுக்குக் கீழ இருக்கிற ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகிடறாங்க. கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். அந்த ஸ்க்ரூ கம்பெனியில அளந்து வச்சது. அதைத் திருகினா தகடு எப்பவும் கொஞ்சம் திறந்தே நிக்கும். த்ராட்டில் சென்சார் "கால் இன்னும் ஆக்சிலேட்டர் மேலதான் இருக்கு"ன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும், அது ஐடில் கணக்குக்கே வராது. வண்டி அப்போதைக்கு அணையாது. பெட்ரோல் குடிக்கும், காலை எடுத்தாலும் இழுத்துக்கிட்டே போகும், ஆறு மாசத்துல மறுபடி வரும். நூறு ரூபாய்க்கு முடிச்சிட்டேன்னு பெருமை பேசறவரும், பதினாலாயிரத்துக்கு மாத்தினேன்னு பில் போடறவரும் ஒரே தப்பைத்தான் செய்யறாங்க. ரெண்டு பேரும் வியாதியைப் பார்க்கலை.

இப்ப எதிர்க்கேள்விகளுக்கு வருவோம். "எங்களுக்கு நேரம் இல்லை, ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடிக்கணும், சுத்தம் பண்ணித் திரும்ப வந்தா எங்களுக்குக் கெட்ட பேர்" என்று சர்வீஸ் சென்டர் பக்கம் சொல்லுவாங்க. நியாயமான பேச்சு மாதிரிதான் தெரியும். சரி, அப்படின்னா வாடிக்கையாளர்கிட்டயே கேளுங்க. "முதல்ல சுத்தம் பண்ணிப் பார்க்கலாம், ஆயிரம் ரூபாய் ஆகும், சரியாகலைன்னா வால்வு, அதுவும் ஆகலைன்னா பாடி" என்று மூணு படி சொல்றதுல என்ன கஷ்டம்? அந்த ஒரு மணி நேர உழைப்புக்குக் கூலி கேளுங்க, தாராளமாத் தர்றோம். கூலி கொடுக்க நாங்க அஞ்சலை. உழைப்பே இல்லாத இடத்துல உதிரிபாக லாபத்துக்குக் கொடுக்கத்தான் கசக்குது.

"புது வண்டிகள்ல இந்த வால்வே கிடையாது, இவர் பழைய கதை பேசறார்" என்று இன்னொரு பேச்சு வரும். உண்மைதான். இப்ப வர்ற வண்டிகள்ல பெரும்பாலும் கேபிளே இல்லை, மோட்டாரே தகட்டைத் திறந்து மூடுது, ஐடிலையும் அந்தத் தகடே பார்த்துக்குது. அங்கயும் அடைக்கிறது அதே கரிதான். ஆனா அந்தத் தகட்டைக் கை வச்சுத் தள்ளக் கூடாது, பல்சக்கரம் போயிரும். சாவி போட்ட நிலையில விரலை விட்டா நறுக்குன்னு மூடும். தெரிஞ்சவங்க செய்ய வேண்டிய வேலை. வாரன்டி இருக்கிற வண்டியை அவங்ககிட்டயே கொடுங்க, அதுலயும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் பேசறது வாரன்டி முடிஞ்சு, ரெண்டு கை மாறி, கிராமத்துக்கு வந்து சேருற வண்டிகளைப் பத்தி. நம்ம தெருவுல நிக்கிறதெல்லாம் அதுதானே.

"ஸ்பேர் தனியாக் கிடைக்காது, எங்ககிட்டத்தான் வரணும்"ங்கிற பேச்சுக்கு நாடே பதில் சொல்லியிருக்கு. 2011-ல ஒரு தனி மனுசர் கொடுத்த புகார்ல ஆரம்பிச்ச வழக்கு அது. 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. எதுக்கு? உதிரிபாகங்களையும், கோளாறு பார்க்கிற கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காம வச்சுக்கிட்டதுக்கு. வெளிய ரிப்பேர் பார்த்தா வாரன்டி மொத்தமா ரத்துன்னு ஒரேயடியா மிரட்டக் கூடாதுன்னும் அந்த உத்தரவுல இருக்கு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போச்சு, வழக்கு இழுத்துக்கிட்டுப் போச்சு, அது வேற கதை. ஆனா எங்க அண்ணன் மாதிரி பட்டறைக்காரருக்கும் அந்தக் கருவியும் பாகமும் கிடைக்கணும்ங்கிறது ஏதோ சலுகை கேட்கிறது இல்லைன்னு அன்னைக்கே எழுத்துல வந்துருச்சு. 2022-ல மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்குன்னு ஒரு குழு போட்டு, அந்த வருசக் கடைசியில ஒரு இணையதளமும் திறந்தது. அதுல வாகனங்களும் உண்டு, விவசாயக் கருவிகளும் உண்டு. விவசாயக் கருவின்னு பார்த்ததும் நம்ம ஆளுங்க நிமிர்ந்து உட்காரணும். இன்னைக்கு கார்ல நடக்கிறது நாளைக்கு டிராக்டர்ல நடக்கும். நாத்து நடவு மெஷின்லயும் கதிரறுக்கிற மெஷின்லயும் சென்சாரும் கம்ப்யூட்டரும் வந்தாச்சு. நெல் சாயற பருவத்துல மெஷின் நின்னு, "கோட் வந்துருக்கு, ஆள் அடுத்த வாரம்தான் வருவார்" என்று சொன்னா, வயல்ல நிக்கிற நெல்லு அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்குமா?

ரிப்பேர் பண்றதுங்கிறது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. கவலை இறைச்ச காலத்துல தோல் பை கிழிஞ்சா தைச்சோம். ஆயில் இஞ்சின் வந்தப்ப அதோட நாசிலை நாமளே சுத்தம் பண்ணினோம். கரண்டு மோட்டார் வந்தப்ப ஊருக்கு ஊர் காயில் கட்டுற கடை வந்துச்சு. ஒவ்வொரு தலைமுறையும் தன் கைக்கு வந்த மெஷினைத் திறந்து பார்த்துத்தான் படிச்சிருக்கு. அந்தப் படிப்பை ஒரு சீல் வச்ச டப்பாவுக்குள்ள போட்டுப் பூட்டி, "நீ ஓட்டு, காசு கொடு, கேள்வி கேட்காதே" என்று சொல்றாங்க. அதுக்கு நாம சரின்னு சொல்லிட்டா, ஐ.டி.ஐ. முடிச்சுட்டு வர்ற பசங்களுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது, பெட்டியைப் பிரிக்க மட்டும்தான் தெரியும். அந்தத் தம்பியைப் பார்த்தப்ப எனக்குக் கோபத்தை விடக் கவலைதான் அதிகம். நல்ல பையன், கைநாடி பிடிச்சுப் பார்க்க விடாம அவனை டெலிவரி ஆள் ஆக்கி வச்சிருக்காங்க.

அதனால நான் கேட்டுக்கிறது நாலே விஷயம்தான். வண்டியைக் கொடுக்கும்போது, "முதல்ல கழட்டிச் சுத்தம் பண்ணிப் பாருங்க, எதையும் எனக்கு போன் பண்ணாம மாத்தாதீங்க" என்று ஜாப் கார்டுலயே எழுதச் சொல்லுங்க. கோட் வந்துச்சுன்னு சொன்னா எந்தக் கோட், அதுக்கப்புறம் என்னென்ன சோதிச்சீங்கன்னு கேளுங்க. மாத்தினா பழைய பாகத்தைக் கையில வாங்கிக்கங்க, அது உங்க சொத்து. வீட்டுக்குக் கொண்டு வந்து ஊர் மெக்கானிக்கிட்டக் காட்டுங்க, உண்மையிலயே கெட்டதா, கரியான்னு தெரிஞ்சுரும். நாலாவது, ஊர்ல வேலை தெரிஞ்ச பட்டறைக்காரர் ஒருத்தர் இருந்தா அவருக்குக் கூலியைப் பேரம் பேசாம கொடுங்க. அவர் கடையைச் சாத்திட்டு செக்யூரிட்டி வேலைக்குப் போயிட்டா, அப்புறம் நமக்கு அந்த 14,500 பில்லைத் தவிர வேற வழி இருக்காது.

உங்க வண்டியில இதே தொந்தரவு இருந்து, மேல சொன்ன வரிசையில பார்த்தும் பிடிபடலைன்னா, என்ன வண்டி, என்ன வருசம், சூடா இருக்கும்போது அணையுதா, குளிர்ந்து இருக்கும்போதான்னு எழுதுங்க. அண்ணன்கிட்டக் கேட்டுச் சொல்றேன். அடுத்த பதிவு மஞ்சள் வேக வைக்கிறதைப் பத்தி. கொப்பரை ரெண்டு வருசமா ஓட்டையாக் கிடக்கு. அதையும் பத்த வச்சுத்தான் ஓட்டப் போறோம், புதுசு வாங்கப் போறதில்லை.